ஜாடியின் வயிற்றில் கிளிகள்

கூடத்துச் சுவரில் ஒரே ஒரு படம்தான் இருக்கவேண்டும் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். கைப்பேசியில் பார்த்த கொரிய வீடுகளில் அப்படித்தான். வெள்ளைச் சுவர், நடுவே ஒரு வெள்ளை ஜாடிப் படம், சுற்றிலும் ஒன்றுமில்லை. படம் தபாலில் சுருளாக வந்து சேர்ந்தது. சொரசொரவென்ற தாள், கண்ணாடி போட்டால் அதன் அழகே போய்விடுமாம்.

சட்டத்துக்கு எங்கே போவது? அந்த அளவுக்கு வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நாத்தனார் கம்பளி நூலில் தைத்துக் கொடுத்த ஜோடிக் கிளி. பச்சையும் சிவப்பும் கண்ணைப் பறிக்கும். கண்ணாடியைக் கழற்றியவள், துணியைப் பிரிக்கச் சோம்பல்பட்டு, கிளிகளின் மேலேயே தாளை ஒட்டினாள். சட்டத்துக்கு வெள்ளைச் சாயம் அடித்து மாட்டியும்விட்டாள். நாத்தனார் போனில் கிளியை விசாரித்தபோது, "பூச்சி அரிச்சிடுச்சு அண்ணி" என்று வாய் கூசாமல் சொன்னாள்.

அந்த நாத்தனார்தான் இப்போது சோபாவில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னடா தம்பி, வீட்டைக் காலி பண்ணப் போறீங்களா? சுவரெல்லாம் மொட்டையா நிக்குது!"

"கொரியா ஸ்டைல், அக்கா. ஒண்ணும் இல்லாததுதான் அழகாம். என்னை எப்போ கழட்டப் போறாளோ?"

"உன்னை இவ தலையில மாட்டினதே நான்தான். ஆணி கெட்டியாத்தான் அடிச்சிருக்கேன், பயப்படாதே."

மூவரும் சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்து ஜன்னல் வெயில் சுவரில் சாய்வாக விழுந்தது.

"ஏம்மா, ஜாடிக்கு வயித்துல என்ன கட்டி?" நாத்தனார் எழுந்தாள்.

"காத்துக்கு உப்பியிருக்கும் அண்ணி. நீங்க உக்காருங்க."

நாத்தனார் உட்காரவில்லை. கிட்டே போய் ஜாடியின் வயிற்றைத் தடவினாள். விரல் ஒரு மேட்டில் ஏறி, வளைவில் இறங்கி, ஒரு முடிச்சில் நின்றது. கிளியின் மூக்கு. அங்கே மட்டும் இரட்டை நூல்.

"என்னக்கா, பிடிச்சிருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு. நீ போய் இந்த டம்ளரைக் கழுவி வை."

தம்பி உள்ளே போனதும் நாத்தனார் குரலைத் தாழ்த்தினாள்.

"பசையா, குண்டூசியா?"

அவள் சோபா உறையை இழுத்துச் சரிசெய்தாள்.

"குண்டூசின்னா எடுத்துடலாம், அதான் கேட்டேன். புது வீட்டுக்கு உங்க கையால கிளிதான் வேணும்னு நீதானேம்மா ஒத்தக்கால்ல நின்னே?"

ஆமாம், கேட்டிருந்தாள். அதையே மறந்துபோயிருந்தாள்.

"பசை, அண்ணி."

"முழுக்கவா?"

"முழுக்க."

நாத்தனார் கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"அப்போ சரி. இனிமே பூச்சி அரிக்காது."

"என்ன ரகசியம்?" என்று தம்பி ஈரக் கையோடு வந்தான்.

"ஒண்ணுமில்லடா. படம் கோணலா இருக்குன்னேன்."

சொன்னதற்காகச் சட்டத்தை ஒரு நூல் அளவு நகர்த்தியும் வைத்தாள். தம்பி மனைவி தலை நிமிரவில்லை. இன்னொரு காப்பி போடுவதாகச் சொல்லி அடுப்படிக்குள் போனவள், வெயில் அந்தச் சுவரைவிட்டு இறங்கும்வரை வெளியே வரவில்லை.