கையில் இரண்டு உறை

அதிபர் தேர்தலுக்கு இன்னும் மூன்று நாள்தான். அமெரிக்காவில், அரிசோனாவின் அந்தச் சின்ன ஊரில், தபால் வாக்குகளைப் போடத் தெருவோரம் வைத்திருந்த பெட்டிக்கு இருபதடி முன்னால் டெல்மரின் கால்கள் நின்றுவிட்டன. கோட்டுக்குள் இரண்டு தபால் வாக்கு உறைகள். ஒன்று அவருடையது. மற்றது, பக்கவாதத்தில் விழுந்து எட்டு வாரமாகப் படுக்கையில் கிடக்கும் மனைவி ஆர்லீனுடையது. இந்த முறையும் தங்கள் கட்சி தோற்றால் சர்ச், துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமை, பேரப்பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாமே கையைவிட்டுப் போய்விடும் என்று இருவரும் தூக்கமில்லாமல் தவித்தார்கள். அவள் இடது கையால் உறைமேல் கிறுக்கிய கையெழுத்தைச் செல்லாது என்று தள்ளிவிடுவார்களோ என்ற பயம் வேறு.

எதிரே பிக்கப் வண்டிக்குள், கள்ள ஓட்டுப் போட வருபவர்களைப் பிடிக்க அதே கட்சிக்காரன் வெண்டல் காவல் இருந்தான். அவனுக்கு அந்த வேலையைப் பழக்கியதே டெல்மர்தான். "கையில ரெண்டு உறை இருந்தா கள்ள ஓட்டு. யாரா இருந்தாலும் படம் எடுத்து நெட்ல போடு, தயவு பாக்காதே!" போன தேர்தலில், புருஷனால் நடக்க முடியாது என்று ஒருத்தி அழுதபோதும் அவர் இரங்கவில்லை. அவள் படம் ஊரெல்லாம் சுற்றியது.

டெல்மர் உறைகளை வெளியே எடுத்தார். வண்டிக் கண்ணாடி இறங்கியது.

"அண்ணே, ரெண்டு இருக்கே?"

"ஒண்ணு ஆர்லீனோடதுடா! அவ கையால எத்தனை நாள் சாப்பிட்டிருக்கே? புருஷன் கொண்டுவரலாம்னு சட்டமே இருக்கு."

"எல்லாரும் இதையேதான் சொல்வாங்கன்னு நீங்கதானேண்ணே சொன்னீங்க?"

வெண்டலின் குரலில் கோபமே இல்லை. செல்போனை உயர்த்தினான்.

"முகத்தைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்கண்ணே."