காயாத வரிகள்

பல்கலைக்கழகப் பதிப்பகத்தில் அச்சிடும் பொய்கள் காய்வதில்லை. தேர்வுத்தாள் அடிப்பதற்கென்று சைக்கிள் கொட்டகையில் இறக்கிய பழைய இயந்திரம் அது. கேள்வியில் பொய் சொல்ல வழியில்லை என்பதால் முதல் ஆறு வருடம் விஷயம் யாருக்கும் தெரியவில்லை. நிறுவனரின் வாழ்க்கை வரலாற்றை அடித்தபோதுதான் குட்டு உடைந்தது. நாற்பது பக்கங்கள் மூன்று மாதமாகியும் விரலில் ஒட்டின. மையை மாற்றினார்கள், காகிதத்தை மாற்றினார்கள், மேலாளரைக்கூட மாற்றினார்கள். கடைசியில் அதையே முறையாக்கிக்கொண்டார்கள்: தாள்களைக் கொடியில் தொங்கவிட்டு, ஒவ்வொரு வரியையும் கட்டைவிரலால் தேய்த்து, ஒட்டாததை மட்டும் நூலாகக் கட்டினார்கள். ஆராய்ச்சி நூல்களுக்கு அந்தக் கொட்டகை பேர்போனது இப்படித்தான். இயற்பியல் பேராசிரியர் ஒருவர் தன் கொள்கையைப் பதினோரு தடவை திருத்தியும் காயாமல், பேசாமல் கத்தரிக்காய் பயிரிடப் போய்விட்டார்.

தேய்க்கும் வேலை பிழை திருத்துபவளுடையது. பத்தொன்பது வருடத்தில் அவளுடைய வலது கட்டைவிரல் கறுத்தே போயிருந்தது. துறைமுகங்களைப் பற்றி அவள் கணவரான வரலாற்றுப் பேராசிரியரின் பெரிய நூல் அச்சுக்கு வந்தபோது அவள் தாள்களைத் தேய்க்காமல் நாளைக் கடத்தினாள். ஏழு வருடம் ஆவணக் காப்பகத்தில் தும்மித் தும்மிக் குறிப்பெடுத்ததும், சமையலறை மேஜையில் அறுநூறு பக்கம் எழுதியதும் அவள்தான். அவர் பேர் வந்தால் என்ன, தன் பேர் வந்தால் என்ன என்று மனதைத் தேற்றிவைத்திருந்தாள். மனம் தேறவில்லை.

“அக்கா, உள்ளே எல்லாம் காஞ்சிருச்சு,” என்றார் அச்சு ஓட்டுபவர். “அட்டையில பேரு மட்டும் ஒட்டுது.”

மையொற்றும் தாளை வைத்து அழுத்தினால் யாருக்கும் தெரியாது. அவள் அதை எடுத்தாள், சற்று யோசித்து இழுப்பறையிலேயே திரும்பப் போட்டாள். மழைக்காலம், அதனால்தான் என்றார் கணவர். இருவர் பெயரையும் சேர்த்து அடித்தார்கள். அவருடைய பாதி ஒட்டியது. அவள் பெயரை மட்டும் அடித்தபோது, தாள் கொடிக்குப் போகும் முன்பே காய்ந்துவிட்டது. பேராசிரியர் ஒரு வாரம் தட்டை எடுத்துக்கொண்டு திண்ணையில் போய்ச் சாப்பிட்டார். பாவமாக இருந்தது அவளுக்கு. முன்னுரையின் கடைசியில் ஒரு வரி சேர்த்தாள்: ‘இந்நூலை முழுதும் வாசித்த என் கணவருக்கு நன்றி.’

அது காயவில்லை. பெயரைப் பறிகொடுக்க இருந்தபோதுகூட அவளுக்கு இவ்வளவு வலிக்கவில்லை.

“நீங்க படிக்கவே இல்லையா?”

“பொருளடக்கம் பார்த்தேன்,” என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

மறுநாள் அவர் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, கொடிக்குக் கீழே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். முதல் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படித்தார். ஒன்பதாம் நாள் தலையைத் தூக்கி, “இந்தக் கலங்கரை விளக்குக் காவலாளியை எங்கடி புடிச்சே?” என்று கேட்டார். அவள் சொன்னாள், சொல்லி முடிக்க மதியமாகிவிட்டது. பன்னிரண்டாம் நாள் கடைசித் தாளை அவர் கீழே வைத்ததும், அவள் எழுந்து போய் நன்றி வரியைத் தேய்த்துப் பார்த்தாள். விரலில் ஒட்டவில்லை. நூலைக் கட்டப் போட்டார்கள். நன்றியுரைகளைக் காயப்போட அங்கே இப்போது தனி அறை இருக்கிறது. அந்த முக்காலியும் அந்த அறையில்தான் கிடக்கிறது.