யாரும் ஓடாதீங்கோ

என் மகள் மதிக்குப் பாதி மூச்சுதான். போன வருஷம் தெற்கே இருக்கிற கெமிக்கல் கம்பெனிக்காரன் வாயுவைக் கசியவிட்டானே, அன்றைக்கு மறுபாதி போயிற்று. "இன்னொரு தடவை இந்தக் காத்து உள்ள போச்சுன்னா என் கையில ஒண்ணும் இல்லம்மா" என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அதற்கப்புறம் முகத்துவாரக்குப்பத்தில் நான் மூக்கை வைத்துத்தான் குடும்பம் நடத்தினேன். டோல்கேட்டில் மீன் விற்கிறவள் நான். செவுளைத் தூக்கிப் பார்க்காமலே மீன் பிடித்து எத்தனை நாள் என்று சொல்லிவிடுவேன். காற்று மாறினால் எனக்குத்தான் முதலில் தெரியும். உடனே கத்துவேன். மதி கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவாள். ஒன்றுமில்லாததற்கும் சில தடவை கத்தியிருக்கிறேன், ஊரே சிரித்தது. சிரித்தால் சிரிக்கட்டும், எவன் பிள்ளைக்கு வந்தது?

அவளுக்கு ராக்கெட் பைத்தியம். வானம் தெளிவாக இருந்தால், ஸ்ரீஹரிகோட்டாவில் விடுகிறது எங்கள் மணலில் நின்றாலே வடக்கே தெரியும். "நைனா, அத்த மாதிரியே நம்மளும் ஒண்ணு செய்லாமா?" என்று அப்பன்காரனிடம் கேட்டாள். என் வீட்டுக்காரர் செங்குட்டுவன் படகு எஞ்சின் மெக்கானிக். பெண் கேட்டால் நிலாவையே ஸ்பேனர் போட்டுக் கழற்றிக் கொண்டுவருகிற ஆள்.

படத்தைப் பார்த்து, அசலில் நாற்பதில் ஒரு பங்கு என்று மதி கணக்குப் போட்டாள். பி.வி.சி. குழாய்மேல் சார்ட் பேப்பரைச் சுற்றி, பசை காய்ந்ததும் உருவி எடுத்தார்கள், அதுதான் உடம்பு. அதைச் சுற்றி ஒட்ட, விரல் தடிமனில் சின்னக் குழல்கள். மேலே கூர்முனைக்குத் தெர்மாகோல். அடியில் வைக்கிற வெடிமருந்துக் குழல் மட்டும் ஆன்லைனில் வந்தது. பாராசூட்டுக்கு என் குடையைக் கிழித்தார்கள். நான் போட்ட சத்தத்தில் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்த மாதம் என் வீட்டில் இருமலைவிடச் சிரிப்புதான் அதிகம் கேட்டது. எனக்கும் சந்தோஷம்தான், இல்லையென்று சொல்லவில்லை.

மருந்துக் குழல் ஒழுங்காக எரிகிறதா என்று மணலில் ஒன்றைப் புதைத்துப் பற்றவைத்துப் பார்த்தார்கள். புஸ்ஸென்று புகை கிளம்பியதுதான் தாமதம், மறுபடியும் கேஸ் என்று நினைத்து, உலையில் அரிசி வேகிறது வேகிறபடியே கிடக்க, பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு குப்பமே ஓடியது. பக்கத்து வீட்டு ஜெஸ்லின் விழுந்து கையை உடைத்துக்கொண்டாள். செங்குட்டுவனை நடுவில் நிறுத்தி ஊர் வறுத்தெடுத்தது. கடைசியில் தலைவர் கோதண்டம் ஒரு வழி சொன்னார்.

"ஞாயித்துக்கெயம சாயங்காலம் வுடு. மைக்ல நான் சொல்லிடறேன்."

சொன்னார். காலையிலிருந்து கோயில் மைக்கில் அதே பேச்சுதான். "செங்குட்டுவன் பொண்ணு ராக்கெட்டு வுடுது. பொகை வரும், வாடை வரும். யாரும் பயப்படாதீங்கோ, யாரும் ஓடாதீங்கோ."

சாயங்காலம் நான் வாசலில் மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தேன். மூக்கு எரிந்தது. ராக்கெட்டில் தீபாவளி வெடிவாடைதான் வரும். இது பிளீச்சிங் பவுடர் வாடை, போன வருஷம் வந்த அதே வாடை. அதுவும் மணல்பக்கம் இன்னும் சத்தமே கேட்கவில்லை, ராக்கெட் கிளம்பவேயில்லை.

"ஏய், கேஸு! ஓடுங்கோ, ஓடுங்கோ!"

ஜெஸ்லின் கட்டுப்போட்ட கையோடு வாசலில் உட்கார்ந்திருந்தாள். "தா, கம்முனு குந்துக்கா. மைக்ல இன்னா சொன்னாங்கோ? உன் பொண்ணு ராக்கெட்டுதான் அது" என்று சிரித்தாள். பாவி, அவள் மட்டுமா சிரித்தாள்? தெருவே சிரித்தது.

கூடையை வீசிவிட்டு மணலுக்கு ஓடினேன். தெற்கேயிருந்து மஞ்சளாக ஒரு புகை தரையோடு தரையாக ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. கூட்டம் அண்ணாந்து நின்றது. நடுவில் என் மகள், கையில் பட்டனோடு.

"மதீ! ஓடுடீ! கேஸுடீ!"

என்னைப் பார்த்தாள். எத்தனை தடவை கத்தியும் ஒரு தடவைகூட நிற்காதவள், அன்றைக்கு நின்றாள். "பயப்படாதம்மா! நம்ம ராக்கெட்டுதான்!" என்று கையை ஆட்டினாள். பட்டனை அழுத்தினாள்.

ஏறியது. பொய் சொல்ல மாட்டேன், அழகாகத்தான் ஏறியது. ஒரே விசில், கைதட்டல். குடைத்துணி விரிந்து அது இறங்குவதற்குள் எல்லாரும் இருமிக்கொண்டிருந்தார்கள். மதி மண்டிபோட்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் மறுநாள் முழுக்க இருந்தாள். முகமூடிக்குள்ளிருந்து ஒன்றுதான் கேட்டாள்: "நேரா போச்சா நைனா?"

"நேரா போச்சு கண்ணு" என்றார் அவர். விடிவதற்குள் போய்விட்டாள்.

காரியம் முடிந்த கையோடு அரசாங்க அதிகாரி ஒருவர் வந்து சமுதாயக்கூடத்தில் விசாரணை வைத்தார். எங்கள் வாயுவே வெளியே வரவில்லை என்று கம்பெனி மேனேஜர் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். நான் எழுந்தேன். "ராக்கெட்டு கெளம்பறதுக்கு முந்தியே வாடை வந்துச்சு சார். வெடிவாடை வேற, இது வேற." அதிகாரி தலையை ஆட்டிவிட்டு என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. அன்னைக்கு அந்தப் புகை எதனால வந்தது?"

செங்குட்டுவன் சோறு தின்று எத்தனையோ நாள் ஆகியிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"என் ராக்கெட்டாலதான் சார். என் பொண்ண நான்தான் கொன்னுட்டேன்."

கூடம் கொதித்தது. அவரை யாரும் மிரட்டவில்லை, யாரும் விலைக்கு வாங்கவில்லை. அவராகத்தான் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஊர் பார்க்க அவரை அறைந்தேன். "யோவ், அது அவன் வுட்ட கேஸுய்யா! அவன் பண்ண பாவத்த நீ இன்னாத்துக்குய்யா சொமக்கற?"

கன்னத்தைக்கூடத் தடவவில்லை. "நான் அத்த செஞ்சி குடுக்காம இருந்தா, நீ கத்தன ஒடனே அவ ஓடியிருப்பா வேம்பு" என்றார்.

அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கதறினேன். அதிகாரி கேட்டது புகையைத்தான், அதை இல்லை ஐயா, அதை இல்லை என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே கதறினேன்.

அதிகாரி அவர் முதலில் சொன்னதை எழுதி முடித்து, பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். மேனேஜர் எழுந்து எங்கள் பக்கமாகத் திரும்பிக் கும்பிட்டுவிட்டு, வெளியே நின்ற காரில் ஏறினார்.