நாலாவது தாள்

ஷஹாபுதீன் பாய் போன் செய்தபோது பகல் மூன்று மணி. உழவர்கரையில் டைல்ஸ் கடை வைத்திருப்பவர், எங்கள் நெட்வொர்க் கம்பெனியின் வாடிக்கையாளர். “எங்க பிரிண்டர்ல யாரோட ரத்த ரிப்போர்ட்டோ வருதும்மா” என்றார்.

அன்று காலையில்தான் ஒரு ரத்தப் பரிசோதனை லேபின் அரியாங்குப்பம் கிளைக்கு எம்.பி.எல்.எஸ். இணைப்பு கொடுத்திருந்தேன். ஒரே கம்பியில் பத்து கம்பெனிகளின் தகவல் போகும். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு லேபிள். வழியிலுள்ள ரூட்டர்கள் லேபிளை மட்டும் பார்த்துத் தள்ளிவிடும், உள்ளே என்ன என்று கேட்காது. புது இணைப்பு என்றால் பழைய வாடிக்கையாளரின் கட்டளைகளை நோட்பேடில் நகலெடுத்து, எண்களை மாற்றி ஒட்டுவது எங்கள் பழக்கம். அன்று நகலெடுத்தது பாய் கடையின் கட்டளைகளை; அதில் ஒரு வரியை மாற்ற மறந்துவிட்டேன். ஆனைக்கும் அடி சறுக்குமாம். நான் ஆனைகூட இல்லை, வெறும் அவசரக்குடுக்கை. இரண்டு இடத்திலும் பிரிண்டர் எண் ஒன்றாகவே இருந்ததால், லேபின் தலைமை அலுவலகத்துக்குப் போக வேண்டிய தாள்கள் பாய் கடையில் விழுந்திருக்கின்றன.

இரண்டு நிமிடத்தில் திருத்தினேன். மேனேஜர் கலைவாணன், சரியாகிவிட்டதல்லவா, வாயைத் திறக்காதே என்றார். கிளையிலிருந்த மாலாவிடம் மட்டும் எத்தனை அனுப்பினாள் என்று கேட்டேன். நாலு என்றாள், கடைசியாகப் போனது எச்.ஐ.வி. ரிப்போர்ட். எதற்குக் கேட்கிறீர்கள் என்றாள். சும்மா சரிபார்க்கிறேன் என்று பொய் சொன்னேன். நாக்கு கசந்தது.

ஸ்கூட்டியில் பறந்தேன். பாய் மூன்று தாள்களை ஒரு டைல்ஸுக்கு அடியில் கவிழ்த்து வைத்திருந்தார். அடுத்தவர் சமாசாரம் என்று படிக்கவில்லையாம். புரட்டிப் பார்த்தேன், எச்.ஐ.வி. ரிப்போர்ட் அதில் இல்லை. நாலாவதைக் கேட்டதும் கவுண்டரிலிருந்த லட்சுமியின் முகம் மாறியது. பிரிண்டரில் வீணாகும் தாள்களை அந்தக் கடையில் எறிவதில்லை. பின்பக்கம் எஸ்டிமேட் எழுதுவார்கள்.

“பின்னாடி வெள்ளையா இருந்துச்சுக்கா. பாத்ரூம் டைல்ஸுக்கு எழுதிக் குடுத்துட்டேன்.”

“யாருக்கு?”

“பேரு கேக்கல. வெள்ளச் சட்ட போட்டிருந்தாரு, அரியாங்குப்பத்துக்காரராம். வூட்ல எல்லார்கிட்டயும் காட்டிட்டு வரேன்னாரு.”

தாளின் தலைப்பில் பெயரும் தெருவும் இருக்கும். ரத்தம் கொடுத்தவருக்கும் அநேகமாக அதே ஊர். ரிப்போர்ட்டுக்கு உரிய, யாரென்றே தெரியாத அந்த ஆளை நினைத்து எனக்கு அழுகை வந்தது.

அரியாங்குப்பம் பாலத்தில் வேலை முடிந்தவர்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வெள்ளைச் சட்டையின் பையிலும் மடித்த தாள் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே ஓட்டினேன். அநேகமாக எல்லாப் பையிலும் ஏதோ ஒரு தாள் இருந்தது. போன் அடித்தது. மாலா. இந்த முறை பொய் சொல்வதில்லை என்று வண்டியை ஓரம் கட்டி எடுத்தேன்.