குடிக்காதவரின் ஈரல்

மூன்றாவது தடவையும் குடலிறக்க ஆபரேஷன் தள்ளிப்போனபோது புஷ்பமேரிக்கு எரிச்சல் தலைக்கேறியது. அது எழுபத்தெட்டாம் வருஷம். மில்லில் தறி ஓட்டிய அவள் கணவர் சகாயநாதனுக்குக் குடல் எப்போது வேண்டுமானாலும் சிக்கிக்கொள்ளலாம், சிக்கினால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர். ஆனால் ரத்தப் பரிசோதனையில், நாற்பதுக்குள் இருக்க வேண்டிய ஈரல் கணக்கு நூற்றெண்பது.

"முதல்ல பாட்டிலை மூடுய்யா. அப்புறம் கத்தி வைக்கிறேன்."

அண்ணன் குடித்தே செத்ததைப் பார்த்தவர் சகாயநாதன். கல்யாண விருந்தில்கூட ஒயினைத் தொடமாட்டார். புதுச்சேரி முதலியார்பேட்டையில் யார் நம்பினார்கள்? "என்ன முசே, எங்களுக்குத் தெரியாம எந்தக் கடை?" என்று பிரெஞ்சு மரியாதையில் கிண்டலாகக் கேட்டார் மில் கூட்டாளி ராஜாங்கம். ஒருநாள் மேரியே கணவர் வாயை மோந்து பார்த்தாள். பீடி நாற்றம்தான்.

நான்காம் தடவை ரத்தம் எடுக்க வந்த லேப்காரர் தணிகாசலம், ஊசியோடு நின்று கேட்டார்: "மருந்து மாத்திரை ஏதாச்சும் சாப்புடறீங்களா?"

"ஒண்ணுமில்ல சார்."

சட்டைக் கையைச் சுருட்டக் குனிந்த சகாயநாதனின் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டை விழுந்தது.

"இது என்னங்க?" என்று மேரி அதை எடுத்தாள்.

"வலி மாத்திரை. பெட்டிக்கடையில பீடியோட வாங்குறது. டாக்டர் எழுதிக் குடுத்தாத்தான மேரி மருந்து?"

"ஒரு நாளைக்கு எத்தினி?"

"ஷிப்டுல ஆறு. வீட்ல நாலு."

"ஐயையோ! அளவுக்கு மீறினா இதுவே ஈரலைக் கெடுக்கும்யா," என்றார் தணிகாசலம். "டாக்டர்கிட்ட சொல்லிட்டு, நிறுத்திட்டு மூணு வாரம் கழிச்சு வாங்க."

வலிக்கிறதென்று மாத்திரை; மாத்திரையால் ஆபரேஷன் இல்லை; ஆபரேஷன் இல்லாததால் வலி. "நாலு மாசமா வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?" என்று வழியெல்லாம் திட்டினாள். டாக்டரிடம் சொன்னதற்கு அவர் நிமிராமலே "சரி சரி" என்றார்.

மூன்று வாரம் சகாயநாதன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். தினமும் சாயங்காலம் அவர் சட்டைப்பையை மேரி துழாவினாள். கணக்கு முப்பத்தாறுக்கு இறங்கியது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த காகிதத்தை, கான்வென்டில் எட்டாவது வரை படித்திருந்த மேரி எழுத்துக் கூட்டிப் படித்தாள். 'குடியை நிறுத்தியதால் ஈரல் சீரானது.'

"மாத்தி எழுதச் சொல்றேன்!"

"விடு மேரி. பொழைச்சு வந்துட்டேன்ல?"

"நீங்க பொழைச்சீங்க. உங்க பேரு?"

அதற்குள் டாக்டர் அடுத்த வார்டுக்குப் போய்விட்டார்.

சகாயநாதன் மாரடைப்பில் போனது எண்பத்தாறில். அந்தக் காகிதம் இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. 'குடி' என்பதை அடித்துவிட்டு, மேலே 'மாத்திரை' என்று மேரி தன் கையால் எழுதி வைத்திருக்கிறாள்.