பள்ளத்தில் தங்கிய சாயம்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், பிள்ளைகளே. இந்தக் கதையில் நான் கண்ணால் பார்த்தது கொஞ்சம்தான். என் உள்ளங்காலில் ஒரு மச்சம். அதைக் காட்டத் தோல் மருத்துவமனைக்குப் போயிருந்தேன். எதிர்ப் பெஞ்சில் ஒரு மனிதர் சிரித்துக்கொண்டே ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற அவர் மனைவி, கையிலிருந்த டிஷ்யூ காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த முகம் என்னை விடவில்லை.

நிஜம் அவ்வளவுதான். மீதி நான் கட்டியது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "புற்றுநோய் என்பது மனித குலத்தை..." (அடித்துவிட்டேன். நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். பின்னாலேயே நானும் வந்துவிடுவேன்.)

அடுத்து: "மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு..." (மழையே இல்லை. துக்கம் என்றால் மழையைக் கூப்பிட்டுவிடுவது எனக்குப் பழக்கம்.)

இது நிற்கும் போலிருக்கிறது: அந்த மனிதர் சாயப்பட்டறையில் கறுப்புச் சாயத் தொட்டியைப் பார்த்துக்கொள்கிறவர். ரப்பர் பூட்ஸ் கொடுத்திருக்கிறார்கள். ஈரத் தரையில் வழுக்குகிறது என்று அதைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு நிற்பார். குதிகாலுக்குப் பக்கத்தில் ஒரு கரும்புள்ளி வந்து, மெல்ல அகலமானது. அவர் அதைச் சாயம் என்றார். மனைவி இல்லை என்றாள்.

"சாயம்னா ஏன் பெருசாவுது?"

"நீயும்தான் பெருசாயிட்டே போற. உன்னையும் டாக்டர்கிட்ட காட்டணுமா?"

அவள் சிரிக்கவில்லை. அவருடைய அக்காவும் இப்படி ஒரு கட்டியைக் காட்டத்தான் போனாள். கத்தி வைத்தார்கள்; அக்கா திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து அவருக்கு மருத்துவமனை என்றாலே கத்தி.

"கத்தியே கிடையாதுங்க. ஊசிகூட இல்ல. கண்ணாடி வச்சுப் பாத்து, படம் எடுத்துட்டு அனுப்பிடுவாங்களாம். விசாரிச்சிட்டேன்."

"பாக்க மட்டும்னா வரேன். வெட்டணும்னு ஒரு வார்த்தை வந்துச்சு, எழுந்து வந்துடுவேன். அப்புறம் ஜென்மத்துக்கும் கூப்பிடாத."

3

(இங்கே அவரைப் பற்றி ஒரு சந்தேகம். இவ்வளவு பயந்த மனிதர் பெஞ்சில் எப்படி அப்படிச் சிரித்தார்? ஒரு பக்கம் முழுக்க அவரைக் கோழையாக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. நல்ல சேதி கேட்டவரின் சிரிப்பு அது. நல்ல சேதியைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும். பிறகுதான் இந்தக் கதையின் கொடுமை எனக்கே புரிந்தது.)

கிளம்பும் முன் அவள் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, காலைச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டாள். டாக்டர் கையில் அழுக்குக் காலைக் கொடுப்பதா? சோப்புப் போட்டு, சொரசொரப்பான கல்லால் தேய்த்தாள். விரலிடுக்கு, குதிகால் வெடிப்பு எல்லாவற்றிலிருந்தும் கறுப்புத் தண்ணீராக வந்து, பிறகு தெளிந்தது. கால் குழந்தையின் கால்போல் ஆயிற்று.

அந்தப் புள்ளியை மட்டும் அவள் தொடவில்லை. கல் பட்டால் கிளறிவிட்டதாகிவிடுமோ என்று பயம். அதைச் சுற்றி, தூங்குகிற ஒன்றைச் சுற்றி நடப்பதுபோல, விரலால் வளைந்து வளைந்து போனாள்.

பாதம் முழுவதும் சுத்தம். அந்த இடத்தில் மட்டும் பட்டறைச் சாயம் அப்படியே நின்றது.

4

*ஒரு பக்கக் குறிப்பு. என் காலைப் பார்த்த இளம் டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னது. உள்ளங்கால் தோல் உழுத வயல் மாதிரி. மேடும் பள்ளமும் வரிவரியாக ஓடும். தோலில் ஜெல் தடவி, விளக்கு வைத்த ஒரு சின்ன லென்ஸை வைத்துப் பார்த்தால் அந்த வரிகள் தெரியும். நிறம் பள்ளத்தில் ஓடினால் பெரும்பாலும் பயமில்லை. மேட்டில் ஓடினால் சந்தேகம். கொஞ்சம் வெட்டி எடுத்துச் சோதிக்க வேண்டும். எனக்குப் பள்ளத்தில் ஓடியது. (என்னைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.)*

அதே டாக்டரம்மாவிடம்தான் அவரையும் அனுப்புகிறேன். ஜெல், விளக்கு, லென்ஸ். திரையில் அவர் பாதம் பெரிதாக விரிந்தது.

"கல்யாணத்துக்குக்கூட என்னை இவ்ளோ கிட்டத்துல படம் எடுக்கல டாக்டர்."

"அசையாதீங்க சார். கால்ல சாயம் ஏதாவது படுமா?"

"படும். ஆனா நல்லா தேச்சுக் கழுவிட்டுத்தான் வந்தோம். என் சம்சாரம் தோலையே உரிச்சுட்டா."

மூவருமே சிரித்தார்கள். யாரும் பொய் சொல்லவில்லை.

"கறுப்பு வரி எல்லாம் பள்ளத்துலதான் இருக்கு. நல்ல விஷயம். மூணு மாசம் கழிச்சு வாங்க, இதே படத்தோட ஒப்பிட்டுப் பாக்கலாம். நீங்க காலைத் துடைச்சுக்கங்க" என்று ஒரு டிஷ்யூவை நீட்டிவிட்டு, டாக்டரம்மா திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மனைவிதான் குனிந்து துடைத்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக அந்தப் புள்ளியின் மேல் தைரியமாக அழுத்தி. துடைத்த காகிதத்தைக் கசக்கிக் கையில் வைத்துக்கொண்டாள்.

வெளியே வந்து, பெஞ்சுக்குப் பக்கத்தில்தான் அதைப் பிரித்தாள். ஜெல்லில் ஊறி வந்திருந்தது கறுப்பு. உடம்பின் நிறம் காகிதத்தில் ஒட்டாது. இது பட்டறைக் கறுப்பு. அவர் சட்டைகளைத் துவைத்துத் துவைத்து அவளுக்குப் பழகிய கறுப்பு.

அப்படியென்றால் லென்ஸ் பார்த்தது சாயத்தை. சாயத்துக்கு அடியில் இருப்பதை இன்னும் யாருமே பார்க்கவில்லை.

5

என் மருமகள் இதுவரை படித்துவிட்டு, "ஏன் அத்தை, அவ உள்ள போய் சொல்லிட்டா முடிஞ்சுதே. அஞ்சு நிமிஷ வேலை" என்றாள்.

சொல்ல வைத்துப் பார்த்தேன். மறுபடி ஜெல், மறுபடி லென்ஸ். அடியில் ஒன்றுமே இல்லை, எல்லாம் சாயம் என்று எழுதியபோது என் பேனாவே என்னை நம்பவில்லை. மாற்றி எழுதினேன்: பழுப்பு நிறம், மேட்டின் மேல். டாக்டரம்மா அந்த வார்த்தையைச் சொன்னாள். அவர் எழுந்து, ஒற்றை ஷூவோடு மாடிப்படியில் இறங்கி...

(நிறுத்திவிட்டேன். அவரைப் பின்தொடர எனக்குக் கால் வரவில்லை.)

காகிதத்தைக் குப்பைத்தொட்டியில் போடவைத்தும் பார்த்தேன். அன்று இரவு இருவரும் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள். எழுதியதிலேயே அழகான பக்கம் அதுதான். அதைத் திரும்பப் படிக்கப் பயமாக இருக்கிறது.

6

ஆகவே அவர்களை லிஃப்ட் வரைக்கும்தான் கொண்டுவந்து விட்டிருக்கிறேன். அவர் உள்ளே போய்விட்டார். மூட வரும் கதவைக் கையால் தடுத்துக்கொண்டு, "வாயேன், அங்க என்ன பாத்துட்டு நிக்கற? எல்லாம்தான் சரியாப்போச்சே" என்கிறார். அக்கா போனதிலிருந்து அவர் இப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை. டாக்டரம்மாவின் அறைக்கதவு இன்னும் திறந்துதான் இருக்கிறது. காகிதம் அவள் கைக்குள்.

அவளுக்கு ஒரே ஒரு வசனம் மிச்சம் வைத்திருக்கிறேன். முதல் வார்த்தை என்னுடையது. அந்த வார்த்தைக்குப் பின்னால் 'பசிக்குது, போலாம்' என்றும் வரலாம். வேறொன்றும் வரலாம். உங்களுக்கும் வீட்டில் யாராவது இருப்பார்கள், கண்ணுகளா; அவர்கள் பாதத்தை ஒருமுறை நினைத்துக்கொண்டு எழுதுங்கள். கதவைத் தடுத்துப் பிடித்திருக்கிறாரே, அவருக்குக் கை வலிக்கும்.

"ஏங்க,