எல்லோரும் சேர்ந்து தோற்ற ஆட்டம்

ஜெரோம் ஜன்னல் திரைகளை இழுத்து மூடிவிட்டு மின்விசிறியைக் குறைத்து வைத்தான். வேகமாகச் சுற்றினால் சீட்டுகள் பறந்துவிடுமாம். ராஜகீழ்ப்பாக்கத்து மாடி வீட்டு ஹாலில், ஞாயிற்றுக்கிழமை மதியப் புழுக்கத்தில், பேய் பங்களா ஒன்று அட்டையில் விரிந்து கிடந்தது. கம்பெனி வேலையாக அமெரிக்கா போய்வந்தவன், துணிமணியைக் குறைத்துக்கொண்டு இந்தப் பெட்டியைத் தூக்கி வந்திருந்தான். ஒருவரை ஒருவர் ஜெயிக்கிற ஆட்டம் இல்லை இது. நால்வரும் ஒரே கட்சி, எதிரி அந்த வீடு. மூன்று பேராவது தப்பித்தால் எல்லோருக்கும் வெற்றி. இல்லையென்றால் எல்லோருக்கும் தோல்வி.

ஜோதிலட்சுமிக்கு விதிகள் பாதிதான் மண்டையில் ஏறின. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து அவள் நண்பர்கள் வீட்டுப் பக்கமே வந்ததில்லை. ஆபீஸ் விட்டால் கீழ்க்கட்டளை வீடு, அம்மாவின் கட்டில். இன்றைக்குத்தான் தம்பி தனசேகரை, "ஒரு அரை நாள் பாத்துக்கடா" என்று கேட்டு உட்காரவைத்துவிட்டு வந்திருந்தாள். ஜெரோம் கனத்த குரலில் பேய்ச் சீட்டைப் படிக்கும்போதெல்லாம் அவன் மனைவி சினேகா நிஜமாகவே அலறினாள். ஜோதிக்குப் பயம் வரவில்லை. கொட்டாவி வந்தது. ஆனாலும் அந்தச் சத்தத்தின் நடுவில் உட்கார்ந்திருப்பது இதமாக இருந்தது.

கடைசிச் சுற்றில் நான்கு பொம்மைகளும் வாசலுக்கு வந்துவிட்டன. பேய் பின்னாலேயே வந்தது. யாராவது ஒருவர் உள்ளேயே நின்று கதவைப் பிடித்துக்கொண்டால் மற்ற மூவரும் ஓடிவிடலாம். கதவைப் பிடித்தவர் கதை முடிந்தது.

"ஜோதி, நீ நில்லு" என்றான் ஹேமநாத், சட்டென்று. அவளோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து வேலை செய்பவன். "உனக்குத்தான் பலம் பாக்கி இருக்கு."

மற்ற இருவரும் தலையாட்டிவிட்டார்கள். யாரும் அவளைக் கேட்கவில்லை.

"நான் நிக்கல" என்றாள் ஜோதி.

"அப்ப நாம எல்லாரும் காலி."

"இருக்கட்டும். நானும் வெளிய போறேன்."

சிரிப்பாள் என்று மூவரும் காத்திருந்தார்கள். அவள் தன் பொம்மையை நகர்த்தினாள். பேய் அந்தச் சுற்றிலேயே நால்வரையும் பிடித்தது. ஜெரோம் சீட்டைப் படிக்காமலே கவிழ்த்து வைத்தான்.

அப்போது ஜோதியின் செல்போன் அடித்தது. தனசேகர்.

"அக்கா, படுக்கையெல்லாம் நனைஞ்சிடுச்சு. உடனே வாயேன்."

ஜோதியின் ஒரு கால் வாசலோரம் செருப்பைத் தேடிப் போய்விட்டது. "நைட்டிய மாத்திவிடுடா."

"நான் எப்படிக்கா? ஆம்பள. அம்மா செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டு அழுவுறாங்க."

செருப்பு மாட்டிய காலைப் பார்த்தபடி ஜோதி நின்றாள். பஸ் பிடித்து, மேடவாக்கத்தில் மாறி வீடு போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்று அவளுக்குத் தெரியும். அத்தனை நேரமும் அம்மா ஈரத்தில்தான் கிடப்பாள்.

"மேல போர்வைய போத்திட்டு அடியில மாத்து. வலது கைய இழுக்காத, வலிக்கும். ஏதாவது பேசிக்கிட்டே செய்."

"எனக்குக் கூச்சமா இருக்குக்கா."

"எனக்கும்தான்டா இருந்துச்சு. அம்மாவுக்கும் இருந்துச்சு. நீ செய்."

அவன் போனை எங்கேயோ வைத்தான், துண்டிக்கவில்லை. கட்டில் கிறீச்சிட்டது. அலமாரிக் கதவு திறந்தது. துணி சரசரத்தது. பிறகு தம்பியின் குரல், யாரோ புது ஆளிடம் பேசுவதுபோல்: "அம்மா, எங்க திருமுடிவாக்கம் கம்பெனில புதுசா ஒரு மெஷின் வந்திருக்கும்மா..." அம்மா ஏதோ முனகினாள். அழுகையா பதிலா என்று ஜோதியால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவளே இணைப்பைத் துண்டித்தாள்.

திரும்பியபோது மூவரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆட்டோ பிடிச்சுத் தரட்டுமா?" என்றான் ஹேமநாத்.

"வேணாம்." செருப்பைக் கழற்றினாள். "இன்னொரு ஆட்டம் போடுங்க."

சினேகா சீட்டுகளைக் கலைத்தாள். ஜோதி சோபாவில் சாய்ந்தாள். போன் மடியிலேயே இருந்தது. பங்களாவின் முதல் அறைக்குள் நுழைவதற்குள் இமைகள் கனத்துவிட்டன. ஜெரோமின் பேய்க்குரல் தணிந்து தணிந்து கிசுகிசுப்பாயிற்று. "ஜோதி டர்ன்" என்று ஹேமநாத் ஆரம்பித்ததும் யாரோ உஸ்ஸென்றார்கள். பாதி மூடிய கண்ணிடுக்கில் அவள் பார்த்தாள்: சினேகா தன் துப்பட்டாவை நான்காக மடித்து மேசைமேல் பரப்பிக்கொண்டிருந்தாள். ஜெரோம் அதன்மேல் பகடையை விட்டான். அது சத்தமில்லாமல் விழுந்து, சற்றே உருண்டு, துணியின் மடிப்பில் சாய்வாக நின்றது. மூன்று தலைகளும் அதன்மேல் குனிந்தன.